வால் ஆடாமல் நிற்க

ஏப்ரல் 13, 1986. ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலை, விளக்கெண்ணெயை மல்துணியில் வடிகட்டியது. இரண்டு முறை. நேற்று வடித்ததில் ஒரு தூசி கிடந்ததாம். இவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தூசி. மணி நாலரை. எதிர்வீட்டுத் தறி இன்னும் எழவில்லை. பால் வரவில்லை. வரக்காபி.

எண்ணெய் வடிப்பதும் நோட்டு எழுதுவதும் என் வேலை. மற்றதெல்லாம் இவர். மெத்தனாலில் எண்ணெயைக் கலந்து, பாட்டிலைக் குலுக்கி, பல்புக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பேதிக்குக் கொடுக்கிற எண்ணெயில் ஹெலிகாப்டர் பறக்கிறது என்று காலேஜ் லேபில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

உறையூரிலிருந்து கொள்ளிடக்கரைக்கு ஸ்கூட்டர். காலடியில் பாட்டரி, பின்சீட்டில் நான், என் மடியில் ஹெலிகாப்டர். நிமிர்த்தி வைத்தால் என் இடுப்புக்கு வரும். இறக்கை இரண்டையும் வால் பக்கம் மடக்கி, மகள் ஷீலா ஸ்கூலுக்குக் கட்டிய பழைய ரிப்பனால் கட்டியிருந்தேன். காவேரிப் பாலத்தில் ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறிப் போனார்.

தம்பி அருள் கிறிஸ்துமஸுக்கு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஜப்பான் சாமான், பெட்டிக்குள் துண்டு துண்டாக. "மச்சான் கைக்குத்தான்க்கா இது சரி. நான் தொட்டா பாதி ஸ்க்ரூ தொலைஞ்சிடும்" என்றான். மூன்று மாதம் சாயங்காலம்தோறும் இவர் உட்கார்ந்து கட்டினார். பிளாண்ட்டில் பாய்லர் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிற கை. அந்தத் தடித்த விரல்கள் கடுகளவு ஸ்க்ரூவை எடுத்து அதன் துளையில் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

பறக்கிறது. முதலில் அதை எழுத வேண்டும். சக்கரம் இல்லை, ஓட இடம் வேண்டாம்; நின்ற இடத்திலிருந்து மணல் பறக்க எழுந்து, முழங்கால் உயரத்தில் நின்றது. விழுந்தால் கவிழாமல் இருக்கக் கீழே குறுக்காக இரண்டு மூங்கில் குச்சி, நாலு நுனியிலும் பிளாஸ்டிக் பந்து. கல்யாண வீட்டில் கட்டிவைத்ததுபோல் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எழுந்த அந்த நொடியில் சிரிப்பு வரவில்லை.

குறை ஒன்றுதான். வால் ஆடுகிறது. பால் குடிக்கிற கன்றின் வால் மாதிரி இடதும் வலதுமாக, விடாமல். பெரிய இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். வாலில் உள்ள சின்ன இறக்கை அதைத் தடுக்க வேண்டும். வால் கொஞ்சம் திரும்பினாலும் உணர்ந்து திருத்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று. கைரோ. அதுவும் இருக்கிறது. ஆனாலும் ஆடுகிறது.

மே தினத்துக்கு கைலாசபுரம் பிளாண்ட் காலனி மைதானத்தில் பறக்கவிடுவதாக இவர் பெயர் கொடுத்துவிட்டார். அதனால்தான் ஆளில்லாத இந்த மணலுக்கு வந்து ஒத்திகை. "ஆடாம நின்னாத்தான் காலனிக்குக் காட்டுவேன். ஆடுற சாமானைக் காட்டி, சவரிமுத்து கட்டினதுன்னு பேர் வாங்கறதுக்கா?"

கொள்ளிடத்தில் குளிக்க வருகிற ஒருவர், ஸ்ரீரங்கத்துக்காரர், கையில் பித்தளைச் சொம்பு. பெயர் தெரியாது. பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு இவரிடம் கேட்டார்.

"ஏன்னா இப்படித் துடிக்கறது? பயப்படறதோ?"

"கோளாறு, சாமி. கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கோம்."

"கண்டுபிடியுங்கோ, கண்டுபிடியுங்கோ. ஸ்திரமா நின்னுடுத்துன்னா கருடாழ்வார் கோவிச்சுப்பர்."

நோட்டில் எழுதிய சந்தேகப் பட்டியல்:
1. வால் இறக்கை இரண்டும் ஒரே எடையா
2. வாலுக்குப் போகும் கம்பி வளைகிறதா
3. கம்பி மூட்டில் தளர்ச்சி
4. எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறதா
5. கைரோவின் உணர்திறன் திருகு கூடவா குறையவா
6. கைரோவே கெட்டதா (இருக்கக் கூடாது. மாற்ற இன்னொன்று இந்த ஊரில் இல்லை.)

வீடு வந்து காபி. இவர் கையில் டபராவில் டம்ளர் தட்டும் சின்னச் சத்தம். கிணுகிணுவென்று. பாட்டரி தூக்கியதால் என்று நினைக்கிறேன். பாட்டரியை வலது கையில் தூக்கினார். டபரா இடது கையில்.

காலைப் பூசை தவறியது. சாயங்காலப் பூசைக்குப் போனோம்.

ஏப்ரல் 14. திங்கள்

வருஷப் பிறப்பு, லீவு. எதிர்வீட்டிலிருந்து மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ தூக்கல். வெயில் பத்து மணிக்கே சுவரைத் தொட முடியவில்லை.

1 சரிசெய்தாயிற்று. குண்டூசி நுனியில் வைத்து எடை பார்த்தோம். ஒரு பக்கம் சாய்ந்தது. மெல்லிய டேப் ஒட்டியதும் நேரானது. 2 உண்மை, கம்பி நடுவில் வளைகிறது. மூன்று இடத்தில் வளையம் வைத்து வால் குழாயோடு கட்டினார், வளையம் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செய்தது. 3 மாற்றியாயிற்று.

பாட்டரியை இணைத்து கைரோவைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே பித்தளைச் சக்கரம் சுழலும் ஓசை. பாட்டிலுக்குள் அடைத்த வண்டு போல. கையில் வைத்துத் திருப்பினால், திரும்ப மாட்டேன் என்று ஒரு மெல்லிய தள்ளல். இருபது வருஷமாக லேபில் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிள்ளைகளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து இதையே காட்டுகிறேன். சூத்திரம் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். ஆனால் உள்ளங்கைக்குள் ஒரு பொருள் 'எனக்குத் திசை தெரியும்' என்று பிடிவாதம் செய்வதை இன்றுதான் உணர்ந்தேன். கொஞ்சநேரம் கீழே வைக்க மனம் வரவில்லை.

"அது என்ன கிளிக்குஞ்சா? குடு இங்க" என்றார் இவர்.

ஷீலா ஹாஸ்டலிலிருந்து கடிதம். புடவை வேண்டுமாம். ஹெலிகாப்டரைப் பற்றி ஒரு வரி: அப்பா விழவைத்தாரா, நீ விழவைத்தாயா?

ஏப்ரல் 16. புதன்

பிராக்டிகல் பரீட்சை ஆரம்பம். நின்றே கால் வீக்கம்.

சாயங்காலம் நடராஜன் வந்திருந்தார். இவரோடு ஒரே ஷாப்பில் வெல்டர், எட்டு வருஷம் இளையவர், கையில் எப்போதும் முறுக்குப் பொட்டலம். ஹெலிகாப்டரை முறைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு ரேஷன் கார்டில் பேர் சேர்த்தாயிற்றா என்றார். இவர் சிரித்தார்.

28ஆம் தேதி, திங்கட்கிழமை, வெல்டர் டெஸ்ட். வருஷா வருஷம் உண்டு. குழாய்த் துண்டை ஒட்டவைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ஒரு பொட்டு குறை தெரிந்தாலும் உயர் அழுத்தக் குழாய் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இவருக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரு பொட்டு வந்ததில்லை.

"அண்ணன் குழாய்க்கு எக்ஸ்ரே ஃபிலிம் போடறதே தண்டம் அண்ணி" என்றார் நடராஜன். பிறகு முறுக்கை உடைத்தபடி, "பெரிய மனசு உங்க வீட்டுக்காரருக்கு. முதல் சுத்து ஓட்டறது எப்பவும் அவருதான். யாருக்கும் விடமாட்டாரு. இப்ப ரெண்டு வாரமா, நீ ஓட்டுடா நடராஜான்னு எனக்கே விட்டுடறாரு. டெஸ்டுக்குக் கை பழகட்டும்னு."

இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

முதல் சுற்று என்றால் என்ன என்று கல்யாணமான வருஷமே சொல்லியிருக்கிறார். இரண்டு குழாயும் சேரும் இடுக்கில் அடியில் விழும் முதல் வரி வெல்டிங்; வலது கையில் நெருப்பு, இடது கையில் மெல்லிய கம்பி. கம்பியைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். இடது கை.

எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். ஒன்றும் தெரியாது.

ஏப்ரல் 18. வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததைவிட, கோளாறு யாருடையது என்பதுதான் வேடிக்கை.

லேபில் மூன்றாம் மேசை. ஒரு பெண்ணுக்குக் கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி நிற்கவே இல்லை. சுவரில் இடதும் வலதுமாக ஆடிக்கொண்டே இருந்தது. பாவம், அழுகிற நிலை. குனிந்து பார்த்தேன். கருவிக்கு அடியில் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"அதிராம மெத்துனு இருக்கட்டும்னுதான் மிஸ்."

கைக்குட்டையை உருவினேன். கருவி கல் மேசையில் உட்கார்ந்தது. புள்ளி இரண்டு முறை ஆடி நின்றது. நானும் அப்படியே நின்றுவிட்டேன். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

கைரோ எப்படி உட்கார்ந்திருக்கிறது? ஜப்பான்காரன் போட்டு அனுப்பிய பாலிதீன் உறையோடு. அதற்கடியில் பழைய ஸ்கூட்டர் சீட்டிலிருந்து வெட்டிய இரண்டு விரல் தடிமன் பஞ்சு. மேலே ரப்பர் பேண்ட். யார் சொன்னது? நான்தான். ஜனவரியில், இவர் உறையைப் பிரிக்கப் போனபோது, பிரிக்காதீர்கள், ஆற்றுமணல் உள்ளே போய்விடும், ஃபாரின் சாமான், வயருக்கு மட்டும் ஓட்டை போடுங்கள் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். பஞ்சும் என் யோசனை. டி.வி. மேல் இன்னும் அது வந்த உறை இருக்கிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் இருக்கிறது. ஷீலா வாங்கிய சூட்கேஸில் இருக்கிறது. நம் வீடுகளில் எது புதிதாய் வந்தாலும் உறை உரிக்க மனம் வருவதில்லை.

பஞ்சும் வழுக்கும் பாலிதீனும். வால் திரும்பியது கைரோவுக்குத் தெரிய ஒரு கண நேரம் தாமதம். அது திருத்துவதற்குள் வால் ரொம்பத் தூரம் போய்விட்டது. அதனால் அதிகமாகத் திருத்துகிறது. அதற்குள் மறுபக்கம். முடிவே இல்லை. கைரோ கெடவில்லை, அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, தாமதமாக.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். இவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர்.

"பிசிக்ஸ் டீச்சரம்மா. மூணு மாசமா கோளாறு வீட்டுக்குள்ளயே காபி போட்டுக் குடுத்துக்கிட்டிருந்திருக்கு."

உறையை நானே உரித்தேன். பஞ்சை எறிந்தோம். சைக்கிள் ட்யூபில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி, சொல்யூஷன் தடவி, கைரோவை உடம்போடு ஒட்டவைத்தார். நோட்டில் 7ஆக என் பெயரையே எழுதினேன்: ஸ்டெல்லா.

ஏப்ரல் 19. சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும். முடியுமா தெரியவில்லை.

ஐந்தரை மணி. கிழக்கே வெளிச்சம் வந்து சூரியன் வராத நேரம். மணலில் ராத்திரிப் பனியின் ஈரம், மேல்தோல் மட்டும். தெற்கே ஸ்ரீரங்கத்தில் சாரம் கட்டிய புது ராஜகோபுரம், பாதிக்கு மேல் எழும்பியது. எஞ்சின் பிடித்தது. இறக்கை சுற்றி, கண்ணுக்கு மறைந்து, ஒரு வட்டமான மங்கலாக மாறியது. எழுந்தது.

நின்றது.

வால் நின்றது. ஆணி அடித்து மாட்டியதுபோல் என்று எழுத நினைத்தேன். அடிக்கச் சுவர் இல்லை, வெறும் காற்று. அத்தனை சத்தம், நெருப்பு, விளக்கெண்ணெய்ப் புகை, சுழற்சி எல்லாம் சேர்ந்து, அந்தக் கூச்சலின் நடுவில் ஓர் அசைவில்லாத பொருள். என் கண் உயரத்தில். மூங்கில் குச்சிகளும் பந்துகளும்கூட அழகாக இருந்தன. மணல் அதைச் சுற்றி வட்டமாக விலகிப் படிந்தது, கோலம் போட மெழுகிய தரைபோல்.

அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. கோயிலில்கூட இப்படி வந்ததில்லை.

சொம்புக்காரர் வந்தார். சொம்பை மணலில் வைத்தார். அது இறங்கி எஞ்சின் நின்ற பிறகுதான், "ரங்கா" என்றார். குளிக்கப் போனார்.

இவர் முகத்தை அப்படி நான் பார்த்தது ஷீலா பிறந்த அன்று.

இரண்டாம் முறை டாங்க் நிரப்பிப் பறக்கவிட்டபோது கவனித்தேன். பெரிய ஆட்டம் போய்விட்டது. அதற்கு அடியில் ஒளிந்திருந்த சின்னது ஒன்று இருக்கிறது. ஆட்டம்கூட இல்லை, சிலிர்ப்பு. வந்து வந்து போகிறது. இவரும் கவனித்தார்.

"ஸ்டெல்லா, நோட்டுல எழுது. எட்டு. காத்து."

எழுதினேன்.

ஏப்ரல் 20. ஞாயிறு

மறுபடி மணல். மறுபடி அதே அதிசயம். இரண்டாம் நாளும் குறையவில்லை. மறுபடி அந்தச் சிலிர்ப்பு.

கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நொடிக்கு நாலைந்து. பழைய ஆட்டம் இரண்டுதான்.

தரையில் நின்று ஹெலிகாப்டரை ஓட்டுகிற ரேடியோப் பெட்டியில், வாலுக்கான குச்சி இடது பக்கம். இடது கட்டைவிரல்.

அது நிலையாக நிற்கும்போது, மூன்று எண்ணும்வரை இடது கட்டைவிரலை எடுங்கள் என்றேன். திருகைச் சோதிப்பதற்காக என்று பொய் சொன்னேன். எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. வால் மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தது, ஆனால் சிலிர்ப்பு இல்லை. துளி இல்லை. விரலை வைத்தார். வந்தது.

இன்னொரு தடவை என்றேன். அதேதான்.

"காத்துதான்" என்றார், நான் கேட்காமலே.

சொம்புக்காரர் குளித்துவிட்டு வந்து, ஈர வேஷ்டியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். அத்தனை நீள வேஷ்டி. விளிம்புகூட அசையவில்லை. பலகைபோல் தொங்கியது. இவரும் அந்தப் பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

திரும்பும் வழியில் பாலத்தில், ரிப்பன் இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கிவிட்டார். இடது கை மடியில். தூக்கத்தில் ஒன்றுமில்லை. விழித்துப் பக்கத்தைத் திருப்ப வலது கை போனது. சும்மா கிடந்த இடது கை மட்டும், பேப்பரின் ஓரத்தோடு சேர்ந்து ஆடியது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த எண்ணிக்கை இப்போது எனக்குள் ஓடுகிறது.

சாயங்காலப் பூசையில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

ஏப்ரல் 21. திங்கள்

கத்திரிக்காய், உப்பு, சோப்பு, ஷீலாவுக்கு மணியார்டர்.

லேபில் பரீட்சை இல்லை. கைக்குட்டைப் பெண் வந்து நன்றி சொன்னாள். நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆள் இல்லாதபோது என் கையை மேசைமேல் நீட்டிப் பார்த்தேன். விரல் நுனியில் ஒரு தாளை வைத்து. தாளின் ஓரம் மிக மெல்ல அசைகிறது. எல்லோருக்கும் இருக்கும் போல. ஒவ்வொரு கணமும் கை போகிறது, உள்ளே எதுவோ உணர்கிறது, திருத்துகிறது, போகிறது, திருத்துகிறது. நமக்குத் தெரியாமல், கூலி கேட்காமல். கைரோ இல்லாமல் அந்த வால் ஒரு நொடி நிற்காது, அதுபோல்தான் இதுவும். ஆடுவது ஆச்சரியமில்லை. இத்தனை வருஷம் ஆடாமல் நின்றதே, அதுதான். அந்தக் கை பத்தொன்பது வருஷம் நெருப்புக்குப் பக்கத்தில் கம்பியைச் சொட்டுச் சொட்டாக ஊட்டியது. எந்த ஊர்களிலோ அந்தக் குழாய்களுக்குள் ஆவி ஓடிக்கொண்டிருக்கிறது, யாருக்கோ விளக்கு எரிகிறது. இதை நான் ஒருநாளும் இவரிடம் சொன்னதில்லை.

நடராஜன் மனைவியிடமிருந்து ஒரு செய்தி, பஸ் ஸ்டாப்பில்: டெஸ்டுக்குப் பெரிய இன்ஸ்பெக்டர் வருகிறாராம், இவர் செய்வதை எல்லோரையும் நிற்கவைத்துக் காட்டப்போகிறார்களாம்.

எல்லோரையும் நிற்கவைத்து.

ஏப்ரல் 22. செவ்வாய்

இவருக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். காலை காலி. நாளைக்கும் மணலுக்குப் போகலாம் என்றார், போகும்போது வாசலில் நின்று. "காத்து இல்லாத நாளா இருக்கும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கலாம். இருவரும் பாலிதீன் போட்டு மூடி வைத்திருக்கிறோம், மணல் படாமல்.

சொல்லாமல் விட்டால்: திங்கட்கிழமை கை நின்றாலும் நிற்கும். அசைந்து வேலை செய்யும்போது நிற்கிறது, சும்மா கிடக்கும்போதும் எதையாவது பிடித்தபடியே இருக்கும்போதும்தான் ஆடுகிறது, இதுவரை. நிற்காவிட்டால் அத்தனை பேர் நடுவில். நின்றுவிட்டால் இன்னும் மோசம். அடுத்த குழாய், அதற்கடுத்தது, எங்கோ ஒருநாள் ஒரு பொட்டு, யார் பக்கத்தில் நிற்பார்களோ.

சொன்னால்: அவராகவே போய் உடம்பு சரியில்லை, டெஸ்டைத் தள்ளிவையுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். புத்தூரில் நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார், வியாழன்தோறும் பார்ப்பார். எனக்கு அரை நாள் லீவு எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'.

தாமதமாக உணர்வதால்தான் அந்த ஆட்டம் என்று நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

விளக்கெண்ணெய் வடித்தாயிற்று. மூன்று முறை. டி.வி. உறையைக் கழற்றி மடித்துப் பரணில் போட்டேன். டி.வி. பார்க்க வேறு யார் வீட்டு டி.வி.யோ போல இருக்கிறது.

நாளைக்கு மணலில் ரேடியோவை என்னிடம் கொடுக்கச் சொல்லப்போகிறேன். இதுவரை நான் அதைத் தொட்டதில்லை. அரை அடி தூக்கினால் போதும், விழுந்தாலும் மூங்கில் இருக்கிறது. இவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார், வால் சிலிர்க்காது, இவர் இடது கை சும்மா இருக்கும். இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நோட்டில் எட்டாவது வரி, காற்று என்றது, தப்பு என்று சொல்லிவிடப்போகிறேன்.